மத்தவன் இதையே ஆரம்பிச்சா என்ன பண்ணுவீங்க?

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் ஸ்டார்ட்அப் என்ற சொல் இப்போது புதிதில்லை. ஓசூர் கம்பெனிகளில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள், பர்கூர் பொறியியல் கல்லூரியில் படித்தவர்கள், மாந்தோப்பு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் என்று பலரும் ஏதோ ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். பொருள் நன்றாகவே இருக்கும். வாங்கவும் நாலு பேர் இருப்பார்கள். ஸ்லைடு தயார் செய்துகொண்டு முதலீட்டாளர் முன்னால் போய் நிற்பார்கள், பதினைந்து நிமிடம் நன்றாகப் போகும். பிறகு எதிரே இருப்பவர் சாவகாசமாகக் கேட்பார்: "எல்லாம் சரிங்க. நாளைக்கு பெங்களூர்ல அம்பது கோடி வச்சிருக்கிற ஒருத்தர் இதையே ஆரம்பிச்சா என்ன பண்ணுவீங்க?"

பெரும்பாலும் வரும் பதில், "எங்க குவாலிட்டி நல்லா இருக்கும் சார்." அதற்குப் பிறகு டீ வரும், விசிட்டிங் கார்டு வரும், பணம் வராது.

அந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் எதுவோ அதுதான் காம்பெட்டிட்டிவ் அட்வான்டேஜ். இந்தக் கட்டுரையில் போட்டி அனுகூலம் என்று சொல்கிறேன். முதலீட்டாளர்கள் பேச்சில் 'மோட்' என்று வரும். கோட்டையைச் சுற்றிய அகழி என்ற பொருளில் வாரன் பஃபெட் பிரபலமாக்கிய சொல் அது. பெயர் எதுவானாலும் அதில் இரண்டு பாதி உண்டு. உங்களிடம் வாங்கினால் வாடிக்கையாளருக்கு என்ன மிச்சம் என்பது ரூபாயில் தெரிய வேண்டும். அதை நகலெடுக்க நினைப்பவருக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பது வருஷக் கணக்கில் தெரிய வேண்டும். முதல் பாதி மட்டும் இருந்தால் உங்களிடம் இருப்பது நல்ல சரக்கு, அவ்வளவுதான். இரண்டாம் பாதி மட்டும் இருந்தால் அதை யாரும் நகலெடுக்கப் போவதில்லை, ஏனென்றால் யாருக்கும் அது தேவையில்லை.

எதற்காகக் கேட்கிறார்?

வங்கி மேனேஜர் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார். அவருக்கு வேண்டியது அடமானமும் மாதத் தவணையும். உங்கள் தொழில் பத்து மடங்கு வளர்ந்தாலும் அவருக்கு வருவது அதே வட்டிதான். முதலீட்டாளர் பணத்துக்கு வட்டியும் கிடையாது, அடமானமும் கிடையாது. அவர் வாங்குவது பங்கு. ஆறேழு வருஷம் கழித்து அந்தப் பங்கை யாராவது பெரிய விலைக்கு வாங்கினால்தான் அவருக்கு லாபம். வென்ச்சர் நிதிகள் வழக்கமாகப் பத்து வருஷ ஆயுளோடுதான் தொடங்கப்படுகின்றன. அதற்குள் போட்ட பணத்தைப் பெருக்கி, நிதிக்குப் பணம் கொடுத்தவர்களிடம் திருப்பித் தர வேண்டும்.

ஆகவே இந்த வருஷம் உங்களுக்கு லாபமா என்பது அவருக்குச் சின்ன விஷயம். ஏழாவது வருஷம் அந்த லாபம் மிஞ்சியிருக்குமா என்பதுதான் பெரிய விஷயம். ஒரு தொழிலில் காசு பார்க்க முடியும் என்று தெரிந்தால் ஆள் சேரும். ஆள் சேர்ந்தால் விலை இறங்கும். விலை இறங்கினால் லாபம் தேயும். ராயக்கோட்டையிலோ பாலக்கோட்டிலோ தக்காளி போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். போன வருஷம் நல்ல விலை போனது என்று இந்த வருஷம் ஊரே தக்காளி போடும்போது என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். முதலீட்டாளர் பயப்படுவதும் அதற்குத்தான்.

ஒரே மாவட்டத்தில் மூன்று ஸ்கூட்டர்கள்

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கக் கம்பெனிக் கதைகளுக்குப் போக வேண்டியதில்லை. இந்தியாவின் மின்சார ஸ்கூட்டர் போட்டியில் முன்னணிக்கு வந்த மூன்று கம்பெனிகளின் ஆலைகள் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. ஓலா எலக்ட்ரிக் போச்சம்பள்ளியில், ஏதரும் டிவிஎஸ்ஸும் ஓசூரில்.

ஓலாவிடம் பணம் இருந்தது. பிரம்மாண்டமான ஆலை, ஆன்லைனில் நேரடி விற்பனை, அடிக்கடி விலைக் குறைப்பு. விற்பனையில் முதலிடத்துக்கு வந்தது, 2024 ஆகஸ்டில் பங்குச் சந்தைக்கும் வந்தது. டிவிஎஸ்ஸின் ஐக்யூப் 2020 ஜனவரியிலேயே அறிமுகமானாலும் ஆரம்பத்தில் மெதுவாகத்தான் நகர்ந்தது. ஆனால் அந்தக் கம்பெனி 1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 மொபெட்டை விற்கத் தொடங்கிய காலம் முதல் ஊர் ஊராக டீலர், மெக்கானிக், ஸ்பேர் பார்ட்ஸ் கடை என்று வேர்விட்டிருந்தது. 2025-இல் மாத விற்பனையில் டிவிஎஸ்ஸும் பஜாஜும் ஓலாவை முந்தின. ஐம்பது கோடி இருந்தால் ஆலை கட்டலாம், ஐயாயிரம் கோடி இருந்தால் பெரிய ஆலை கட்டலாம். அரூரில் ஒரு ஸ்கூட்டர் நின்றுபோனால் அன்றைக்கே பிரித்துப் பார்க்கிற மெக்கானிக்கையும், அவர் மேல் வாடிக்கையாளருக்கு இருக்கும் நம்பிக்கையையும் பணத்தைக் கொட்டி ஒரே வருஷத்தில் உருவாக்க முடியாது.

ஏதர் எடுத்த வழி வேறு. தன்னுடைய சார்ஜிங் கனெக்டரை மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தட்டும் என்று திறந்துவிட்டது. கையில் இருக்கும் ஆயுதத்தைப் போட்டியாளரிடமே கொடுப்பதுபோல் தோன்றும். ஆனால் அந்த வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்ட இணைப்பு முறை 2023-இல் இந்தியத் தர நிர்ணயமாகவே அங்கீகாரம் பெற்றது. மற்றவர்கள் சார்ஜர் வைத்தாலும் அது ஏதர் வண்டிக்கும் பயன்படும். போட்டி அனுகூலம் என்றாலே எதையாவது பூட்டி வைப்பது என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மத்திய அரசின் ஃபேம் 2 மானியம் இருந்தவரை எல்லா ஸ்கூட்டர்களும் மலிவாக இருந்தன. 2023 ஜூனில் மானியம் குறைந்ததும் விலைகள் ஏறின. மானியத்தால் உங்கள் பொருள் மலிவாக இருப்பது அனுகூலமே இல்லை. அது எல்லோருக்கும் கிடைக்கிறது, அரசு நினைத்தால் போய்விடுகிறது. "எங்களுக்கு அரசு மானியம் இருக்கு" என்று போட்டிப் பட்டியலில் எழுதும் ஸ்லைடுகளை இன்னும் பார்க்க முடிகிறது.

ஒரு மாங்காய் லாரியை வைத்துக் கணக்கு

இனி ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். எண்களும் கற்பனைதான், கணக்கு போடும் முறையை மட்டும் பாருங்கள்.

நம் பக்கத்துப் பெங்களூரா மாங்காய் பெரும்பாலும் கூழ் ஆலைக்குத்தான் போகிறது. ஆலைக்காரருக்கு முக்கியம் பழத்தின் இனிப்பு. ஏற்றுமதிக்குப் போகும் பெங்களூராக் கூழில், இனிப்பைக் காட்டும் பிரிக்ஸ் அளவு குறைந்தது 14 இருக்க வேண்டும் என்று வாங்குகிறவர்கள் கேட்பார்கள். முற்றாத காயைப் பறித்து லாரியில் ஏற்றிவிட்டால் அது பழுக்க வைத்தாலும் சரியாக வராது. ஒரு லோடில் எவ்வளவு வீணாகும் என்பது காயைக் கொட்டிப் பழுத்த பிறகுதான் தெரியும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும்.

நமது கற்பனைக் கம்பெனி, காயை வெட்டாமல் ஒளியைப் பாய்ச்சி உள்ளே எவ்வளவு முற்றியிருக்கிறது என்று கணிக்கும் கைக்கருவியோடு தோப்புக்கே போகிறது. எந்தத் தோப்பை எப்போது பறிக்கலாம் என்று ஆலைக்குச் சொல்கிறது. கட்டணம் கிலோவுக்கு 40 பைசா.

10 டன் லோடு. கிலோ 15 ரூபாய் என்றால் லோடின் மதிப்பு 1,50,000 ரூபாய். நமது கம்பெனி வருவதற்கு முன் 8 சதவீதம் வீணானது, இப்போது 3 சதவீதம். மிச்சமான 5 சதவீதம் 7,500 ரூபாய். கட்டணம் 4,000 போக ஆலைக்கு ஒரு லோடுக்கு 3,500 ரூபாய் லாபம். இதற்குள் அந்த ஐம்பது கோடிக்காரர் வந்துவிட்டார் என்று வையுங்கள். அதே கருவியை வாங்கிவிட்டார், கட்டணம் 30 பைசாதான். ஆனால் அவருடைய கணிப்பு அவ்வளவு துல்லியமாக இல்லை, வீணாவதில் 3 சதவீதத்தை மட்டுமே மிச்சம் பிடிக்கிறது. அது 4,500 ரூபாய். கட்டணம் 3,000 போக ஆலைக்கு நிற்பது 1,500.

விலை குறைவானவரிடம் போனால் ஆலைக்கு லோடுக்கு 2,000 ரூபாய் நஷ்டம். "எங்க குவாலிட்டி நல்லா இருக்கும்" என்பதை இப்படித்தான் சொல்ல வேண்டும். இது முதல் பாதி.

இரண்டாம் பாதிக்கு வருவோம். கருவியை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அப்படியிருக்க நமது கணிப்பு மட்டும் ஏன் துல்லியம்? இந்த வகைக் கருவிகளைப் பழத்தின் ரகத்துக்கும் வட்டாரத்துக்கும் ஏற்பப் பழக்க வேண்டும். ஒரு சீசன் காயில் பழக்கியது அடுத்த சீசனில் தடுமாறும். மழை கொட்டிய வருஷக் காய் வேறு, வறண்ட வருஷக் காய் வேறு. காவேரிப்பட்டணத்துத் தோப்புக்குச் சரியாகச் சொல்லும் கருவி, ஊத்தங்கரையின் செம்மண் தோப்பில் தப்பாகச் சொல்லலாம். ஆகவே பல சீசன், பல தோப்பு அளவீடுகள் வேண்டும். அதோடு ஒவ்வொரு லோடும் ஆலையில் கடைசியில் எப்படி வந்தது என்ற பதிவும் வேண்டும். மாங்காய் சீசன் வருஷத்துக்கு ஒரு தடவைதான். நமது கம்பெனி மூன்று சீசன் முடித்திருந்தால் புதிதாக வருபவர் எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் மூன்று வருஷம் காத்திருந்தே ஆக வேண்டும். அந்த மூன்று வருஷமும் நாம் சும்மா உட்கார்ந்திருக்கப் போவதில்லை.

முதலீட்டாளருக்கு இங்கேதான் காது நிமிரும். ஆனால் விவரமானவர் என்றால் உடனே அடுத்த கேள்வியைப் போடுவார்: "மாங்காய் விலை சரிஞ்சா?"

நியாயமான கேள்வி. 2025 சீசனில் பெங்களூரா விலை விழுந்து, ஆந்திர அரசு விவசாயிகளுக்குக் கிலோவுக்கு 4 ரூபாய் ஆதரவுத் தொகை தர வேண்டியதாயிற்று. நமது கணக்கில் விலையை 6 ரூபாய் ஆக்கிப் பாருங்கள். லோடின் மதிப்பு 60,000. 5 சதவீத மிச்சம் 3,000. நமது கட்டணமோ 4,000. காய் மலிந்த வருஷத்தில் நம்மைக் கூப்பிட்டால் ஆலைக்கு நஷ்டம். அனுகூலம் என்று மார்தட்டியது காணாமல் போகிறது.

இதை அவர் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களே சொல்லிவிட வேண்டும். உதாரணமாக: கட்டணத்தைக் கிலோ கணக்கில் வாங்காமல், மிச்சமானதில் பாதி என்று மாற்றிக்கொள்கிறோம். விலை 15 என்றால் லோடுக்கு 3,750 வரும். விலை 6 என்றால் 1,500தான். ஒரு லோடுக்கு நமக்கு ஆகும் செலவு 2,500 என்றால், கிலோ 10 ரூபாய்க்குக் கீழே போகும் வருஷத்தில் நமக்குக் கையைக் கடிக்கும். அந்த வருஷத்தைத் தாண்ட எவ்வளவு ரொக்கம் கையில் வேண்டும், சீசன் இல்லாத மாதங்களில் அதே ஆட்களை வைத்துக்கொண்டு கொய்யாவிலோ தக்காளியிலோ என்ன செய்யப் போகிறோம் என்று அடுத்த ஸ்லைடு. தன் அனுகூலம் எங்கே உடையும் என்று எண்ணோடு சொல்லத் தெரிந்தவரிடம் முதலீட்டாளர் அதிக நேரம் பேசுவார்.

'போட்டியே இல்லீங்க'

முதலீட்டாளர் கூட்டத்தில் சொல்லக்கூடாத ஒரே வாக்கியம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். போட்டி இல்லையென்றால் இரண்டில் ஒன்று: அங்கே சந்தையே இல்லை, அல்லது நீங்கள் சரியாகத் தேடவில்லை. எந்தப் பிரச்சினையையும் மக்கள் இப்போது ஏதோ ஒரு வழியில் சமாளித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த வழிதான் உங்கள் முதல் போட்டியாளர்.

மாங்காயில் அது யார்? இன்னொரு செயலி இல்லை. மண்டிக்காரர். பூ எடுக்கும்போதே தோப்பைக் குத்தகைக்குப் பிடிப்பவர். மருந்தடிக்க, கல்யாணம் காட்சிக்கு என்று விவசாயி கேட்டபோதெல்லாம் அட்வான்ஸ் கொடுத்தவர். காய் பறித்ததும் அது வேறு எங்கும் போகாது, அவரிடம்தான் போகும். இடைத்தரகரை ஒழிக்கிறோம் என்று கிளம்பிய பல செயலிகள் இந்த இடத்தில்தான் முட்டி நின்றன. அவை விலையை மட்டும் பார்த்தன. மண்டிக்காரர் கொடுத்தது கடனும், ராத்திரியில் ஃபோன் எடுக்கிற உறவும். கையெழுத்துப் போட்ட பத்திரம் ஒன்றும் இல்லாமலே அவருடைய போட்டி அனுகூலம் தலைமுறை கடந்து நிற்கிறது. ஸ்லைடில் போட்டியாளர் பட்டியலின் முதல் வரியில் அவரைப் போட்டு, அவரை எதிர்க்கப் போகிறீர்களா, சேர்த்துக்கொள்ளப் போகிறீர்களா என்று சொல்லுங்கள். சேர்த்துக்கொள்வது பல நேரம் புத்திசாலித்தனம்.

இதே போல வலுவில்லாத பதில்கள் இன்னும் சில. "நாங்கதான் முதல்ல ஆரம்பிச்சோம்": முதலில் வந்தவர் வழி போட்டுக் கொடுக்க, பின்னால் வந்தவர் அதில் வேகமாகப் போன கதைகள் நிறைய. "நாங்க ஏஐ யூஸ் பண்றோம்": இன்று யார்தான் பயன்படுத்தவில்லை? "எங்க டீமுக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் தெரியும்": இது நம் மாவட்டத்துக்காரர்களுக்கு உண்மையிலேயே கைகொடுக்கும் விஷயம், வேப்பனப்பள்ளிக்கும் தளிக்கும் போய் விவசாயியிடம் பேசிப் பார்த்தால் தெரியும். ஆனால் பெங்களூர்க்காரரும் இதே ஓசூரில் பத்துப் பேரை வேலைக்கு எடுக்க முடியுமே. தொடக்கத்துக்கு உதவும், அகழி ஆகாது.

காப்புரிமையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் மேல் பலருக்கு அளவுக்கு மீறிய நம்பிக்கை. இந்தியாவில் காப்புரிமை விண்ணப்ப நாளிலிருந்து 20 வருஷம் செல்லும். ஆனால் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவின்படி வெறும் கணினி நிரலுக்கும் அல்காரிதத்துக்கும் காப்புரிமை கிடையாது. செயலி மட்டும் வைத்திருப்பவர் "பேட்டன்ட் அப்ளை பண்ணியிருக்கோம்" என்று சொன்னால், தெரிந்தவர் மனதுக்குள் சிரித்துக்கொள்வார். விண்ணப்பித்தால் பொதுவாக 18 மாதத்தில் அது வெளியிடப்பட்டுவிடும், உங்கள் வழியை எல்லோரும் படிக்கலாம். கருவி, ரசாயன முறை, இயந்திரம் என்றால் காப்புரிமைக்கு மதிப்பு உண்டு. அப்போதும் மீறினவர் மேல் வழக்கு நடத்தப் பணம் வேண்டும்.

சரி, எவையெல்லாம் நிஜமாக நிற்கும்?

மேலே பார்த்த மாங்காய்க் கணக்கில் வந்தது காலத்தால் சேரும் அறிவு. டிவிஎஸ் கதையில் வந்தது விநியோகமும் சர்வீஸும். இவை தவிர இரண்டை மட்டும் விரிவாகப் பார்த்தால் போதும்.

தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்குச் சுற்று வட்டாரம் மட்டுமில்லை, வெளி மாவட்டங்களிலிருந்தும் விவசாயிகள் கூடு கொண்டுவருகிறார்கள். ஏன்? நூற்பாளர்கள் அங்கே ஏலம் எடுக்க வருகிறார்கள். நூற்பாளர்கள் ஏன் வருகிறார்கள்? கூடு அங்கே வருகிறது. இதே காரணத்தால்தான் கர்நாடகத்தின் ராமநகரம் அவ்வளவு பெரிய சந்தையாக ஆனது. ஆள் சேரச் சேர எல்லோருக்கும் பயன் கூடும் இந்த வகைக்கு நெட்வொர்க் எஃபெக்ட் என்று பெயர். ஒருமுறை உருவாகிவிட்டால் அசைப்பது கஷ்டம். உருவாக்குவது அதைவிடக் கஷ்டம், ஏனென்றால் முதல் நாள் ஏலத்துக்கு எந்தப் பக்கத்து ஆளும் வர மாட்டார். "எங்களுக்கு நெட்வொர்க் எஃபெக்ட் வரும்" என்று சொல்வோரிடம் முதலீட்டாளர் கேட்பது, முதல் இருநூறு விவசாயியையும் முதல் இருபது நூற்பாளரையும் எப்படி ஒரே நாளில் ஒரே இடத்துக்குக் கொண்டுவருவீர்கள் என்பதுதான். இதற்குப் பதில் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

இரண்டாவது, விட்டுப் போவதில் உள்ள தொல்லை. டேலியை எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட அழகான கணக்கு மென்பொருள்கள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனால் கடையின் கணக்குப்பிள்ளைக்குத் தெரிந்தது டேலி, ஆடிட்டர் ஆபீஸில் கேட்பது டேலி ஃபைல், பத்து வருஷக் கணக்கு இருப்பது டேலியில். மாற வேண்டுமென்றால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் மாற வேண்டும். உங்கள் பொருளைப் பயன்படுத்தத் தொடங்கிய ஒருவருக்கு ஒரு வருஷம் கழித்து அதை விடுவது கொஞ்சமாவது சங்கடமாக இருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். இருக்காது என்றால் உங்களிடம் இருப்பது வாடிக்கையாளர் இல்லை, வழிப்போக்கர்.

மொத்தமாகச் செய்வதால் செலவு குறைவது, பிராண்டு, அரசு உரிமம் ஆகியவையும் உண்டு. தொடக்கநிலைக் கம்பெனியிடம் இவை பெரும்பாலும் இருக்காது. இருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

இன்னும் எந்த அனுகூலமும் உருவாகாத நிலையில் முதலீட்டாளரிடம் போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். சொந்தப் பணத்தைத் தொடக்கத்திலேயே போடும் ஏஞ்சல் முதலீட்டாளர்களும், தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் டான்சீட் போன்ற ஆதார நிதித் திட்டங்களும் இருப்பதே ஆரம்பநிலைக் கம்பெனிகளுக்காகத்தான். "இப்போ எங்ககிட்ட இல்லை. இந்தப் பணத்தில் இரண்டு சீசன் ஓட்டினா இது உருவாகும், உருவாகுதான்னு இந்த எண்ணை வச்சுப் பார்க்கலாம்" என்று சொல்வது முழுப் பதில்.

வாயால் சொல்லும்போது

இதே கம்பெனியைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்லிப் பார்ப்போம்.

முதல் விதம்: "சார், நாங்க அட்வான்ஸ்டு டெக்னாலஜி வச்சு மாங்காயோட குவாலிட்டிய பிரெடிக்ட் பண்றோம். இந்தியாவுலயே ஃபர்ஸ்ட் டைம். விவசாயிங்க வாழ்க்கையவே மாத்தப் போறோம்."

இரண்டாவது: "சார், கூழ் ஆலைக்காரங்க இப்போ கண்ணால பார்த்து லோடு எடுக்கறாங்க, நூத்துக்கு எட்டு கிலோ வீணாகுது. நாங்க போன ஆலைல அது மூணா குறைஞ்சிருக்கு. மிச்சமானதில் பாதி எங்க கட்டணம். அது போக கிலோ பதினஞ்சு ரூபாய்னா ஒரு லோடுக்கு மூவாயிரத்து எழுநூத்தி ஐம்பது ரூபா அவங்களுக்கு மிச்சம். கருவி எல்லாருக்கும் கிடைக்கும். ஆனா இந்த வட்டாரத்துல மூணு சீசன் அளவீடும் ஆலை ரிசல்ட்டும் சேர்ந்து எங்ககிட்டதான் இருக்கு. கிலோ பத்து ரூபாய்க்குக் கீழ போனா எங்களுக்கு அடி. அதுக்கு என்ன பண்றோம்னு அடுத்த ஸ்லைடுல இருக்கு."

இரண்டாவதில் பெருமைச் சொல் ஒன்றுகூட இல்லை. சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலீட்டாளர் சரிபார்த்துக்கொள்ள முடியும்.

ஸ்லைடில் போடும் ஒப்பீட்டு அட்டவணைக்கும் ஒரு வார்த்தை. போட்டியாளர்கள் நாலு பேருக்கு எதிரே சிவப்புப் பெருக்கல் குறி, உங்களுக்கு மட்டும் வரிசையாகப் பச்சை டிக். இதை உலகத்தில் எல்லா ஸ்டார்ட்அப்பும் போடுகிறது. ஒரு வரிசையிலாவது போட்டியாளருக்கு டிக் கொடுங்கள். மண்டிக்காரர் அட்வான்ஸ் தருகிறார், நாம் தருவதில்லை என்றால் அதை அப்படியே போடுங்கள். மற்ற டிக்குகளை அப்போதுதான் நம்புவார்கள்.

ரகசியம் பற்றிய பயம் பலருக்கு உண்டு. எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் திருடிவிடுவாரோ என்று, முதல் சந்திப்பிலேயே ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். பெரும்பாலான முதலீட்டாளர்கள் போட மாட்டார்கள். ஒரே துறையில் நிறையக் கம்பெனிகளைச் சந்திப்பவர்கள் அவர்கள், ஒவ்வொருவரிடமும் கட்டுப்பட முடியாது. அதனால் என்ன விளைவு கிடைக்கிறது என்பதைத் தாராளமாகச் சொல்லுங்கள். எப்படி என்பதன் உள்விவரத்தை, மூல அளவீடுகளை, ஆலைகளோடு போட்ட ஒப்பந்தத்தின் விலைகளைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். விஷயம் முதிர்ந்து, பணம் போடுவதற்கு முன் எல்லாவற்றையும் சரிபார்க்கும் டியூ டிலிஜன்ஸ் கட்டத்துக்கு வரும்போது அதற்குரிய காகிதங்களோடு காட்டலாம். ஒருமுறை கேட்டதுமே நகலெடுத்துவிட முடியும் என்று நீங்களே பயந்தால், இரண்டாம் பாதியை இன்னும் ஒருமுறை யோசிக்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கட்டத்தில் அவர் உங்கள் வாடிக்கையாளர்களிடம் பேசக் கேட்பார். ஆலையின் பர்ச்சேஸ் மேனேஜரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அவருடைய எண்ணைக் கொடுங்கள். முதலீட்டாளர் அவரிடம் கேட்கப் போவது அநேகமாக இரண்டு கேள்விதான்: "இவங்க நாளைக்குக் கடையை மூடிட்டா உங்களுக்கு என்ன ஆகும்?", "கட்டணத்தைக் கொஞ்சம் ஏத்தினா இருப்பீங்களா?" மேனேஜருக்கு முன்கூட்டியே பதில் சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள், பேச்சிலேயே தெரிந்துவிடும். வேண்டுமானால் முதலீட்டாளரைச் சந்திக்கக் கிளம்புவதற்கு முன்னால், அதே இரண்டு கேள்வியை நீங்களே போய் அவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.